ரெப்போ வட்டியும் நம் கல்லாப்பெட்டியும்

ரிசர்வ் வங்கி வட்டியை மாற்றியதாகச் செய்தி வந்தால், அது வங்கிக்காரர்கள் விவகாரம் என்று நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். கடைக்கு கேஷ் கிரெடிட்டும் குடியிருக்கும் வீட்டுக்குக் கடனும் வாங்கியிருக்கும் வணிகருக்கு, அந்தச் செய்தி சரக்கின் கொள்முதல் விலைக்குச் சமமானது.

அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலக் கடன் பெறும்போது செலுத்தும் வட்டியே ரெப்போ. 2022 ஏப்ரலில் நாட்டின் சில்லறை விலைப் பணவீக்கம் 7.79 சதவீதமாக இருந்தது. ரிசர்வ் வங்கிக்கு விதிக்கப்பட்ட இலக்கோ 4 சதவீதம். மேல் வரம்பு 6. எனவே 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ஆறு முறை உயர்த்தி, ரெப்போவை 4 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதத்துக்குக் கொண்டு சென்றது.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் மாறும் வட்டியில் தரும் புதிய வீட்டுக் கடன்களும், குறு, சிறு தொழில் கடன்களும் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டுள்ளன. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி மாற்றியமைக்கப்பட வேண்டும். ஆகவே உயர்வு விரைவில் நம் கணக்குக்கு வந்துவிடுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 20 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 20 ஆண்டு, வட்டி 7 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 15,506 ரூபாய். வட்டி 9.5 சதவீதமானால் தவணை சுமார் 18,643 ஆக வேண்டும். தவணையை ஏற்றாமல் பழைய தொகையையே கட்டினால் என்ன ஆகும்? 20 லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 15,833 ரூபாய். கட்டும் பணம் வட்டிக்கே போதாது. அசல் குறைவதற்குப் பதில் ஏறும். "தவணை கூடவில்லை" என்று நிம்மதி கொள்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைக் கணக்கும் இப்படித்தான். 10 லட்சம் கேஷ் கிரெடிட்டை முழுவதும் எடுத்திருப்பவருக்கு இரண்டரை சதவீத உயர்வு ஆண்டுக்கு 25,000 ரூபாய் கூடுதல் செலவு. விலை ஏறும் என்று நம்பி வங்கிப் பணத்தில் சரக்கைத் தேக்கி வைத்தால், கிடைக்கும் லாபத்தை வட்டி தின்றுவிடும்.

இதனால் விலைவாசி எப்படி இறங்குகிறது? கடன் செலவு கூடும்போது வீடு, வாகனம், வீட்டு உபயோகப் பொருள் வாங்குவதை மக்கள் தள்ளிப்போடுகிறார்கள். வணிகர்களாகிய நாமும் இருப்பைக் குறைக்கிறோம். தேவை தணிகிறது, விலையேற்றத்தின் வேகம் குறைகிறது. இதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். ஆனால் வட்டியை உயர்த்தினால் மழை பெய்துவிடாது. 2023 ஜூலையில் தக்காளி உள்ளிட்ட காய்கறி விலை ஏறியபோது பணவீக்கம் 7.44 சதவீதமானது, ரெப்போ 6.50 சதவீதத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. வரத்து கூடியபின்தான் காய்கறி விலை இறங்கியது.

2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ 5.50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய முறையில் வட்டி கணக்கிடப்படும் கடன்களுக்கு இத்தகைய குறைப்பின் பலன் தாமதமாகவே வருகிறது.

எனவே உறுப்பினர்கள் தம் கடன் பத்திரத்தை எடுத்து மூன்று விவரங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது: வட்டி எதனுடன் இணைக்கப்பட்டுள்ளது, எந்தத் தேதியில் மாறும், மாறும்போது தவணை கூடுகிறதா, காலம் நீள்கிறதா. வீட்டுக் கடனில் வட்டி மாறும்போது தவணையை உயர்த்தவோ காலத்தை நீட்டவோ கடனாளிக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றும், இதுவரை செலுத்திய அசலையும் மீதமுள்ள தவணைகளையும் காட்டும் விவரத்தைக் காலாண்டுதோறும் தர வேண்டும் என்றும் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. கேட்டுப் பெறுவது நம் உரிமை.

சரக்குக் கணக்கைத் தினமும் பார்க்கும் நாம், வட்டிக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பார்ப்போம்.