லுஸீயாவும் லூசியாவும்: ஒரே பெயர், இரண்டு வாழ்க்கை

மயிலாப்பூர்ப் பக்கம் போனவர்களுக்கு லஸ் முனை தெரியும். அந்த 'லஸ்' ஆங்கிலச் சொல் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் அது போர்த்துகீசியச் சொல். போர்த்துகீசியர் கட்டிய மாதா கோயில் ஒன்று அங்கே இருக்கிறது. 'நோஸா சென்யோரா த லூஸ்' என்றால் 'ஒளியின் அன்னை'. நம்மூர்க்காரர்கள் அதைப் பிரகாச மாதா என்று அச்சு அசலாகத் தமிழில் சொல்லிவிட்டார்கள். 'லூஸ்' தேய்ந்து லஸ் ஆகி, பேருந்து நிறுத்தத்தின் பெயராகவும் ஆகிவிட்டது.

அந்த ஒளியின் லத்தீன் மூலம் 'லூக்ஸ்'. அதே வேரிலிருந்து போர்த்துகீசிய மொழிக்கு ஒரு பெண் பெயரும் வந்திருக்கிறது. ஒன்று என்றா சொன்னேன்? இரண்டு! லுஸீயா, லூசியா. லத்தீனில் இரண்டும் ஒரே பெயர்தான். போர்த்துகல்லிலும் பிரேசிலிலும் இரண்டும் தனித்தனிப் பெயர்கள். ஒரே தெருவில் ஒரு லுஸீயாவும் ஒரு லூசியாவும் குடியிருக்கலாம். இது எப்படி நடந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் குறிப்பு நீண்டுவிட்டது.

முதலில் ரோம். ரோமானிய ஆண்களுக்கு முன்பெயர்கள் மிகக் குறைவு, இருந்ததையே திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒன்று லூசியஸ். கல்வெட்டுகளில் அதை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிப் போடுவார்கள், நம் இனிஷியல் மாதிரி. பொழுது விடியும்போது பிறந்தவன் லூசியஸ் என்று வர்ரோ என்ற ரோமானிய அறிஞர் விளக்கம் சொல்லியிருக்கிறார். அதன் பெண்பால் லூசியா. நம் சுடர்க்கொடி, ஜோதி போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது ஒரு சிசிலிப் பெண். சிரக்கூசா நகரத்து லூசியா, டயோக்ளீஷியன் காலத்துக் கிறிஸ்தவ வேட்டையில் 304-ல் கொல்லப்பட்டவர் என்பது மரபு. தட்டில் இரண்டு கண்களை ஏந்தி நிற்கும் புனிதையின் படத்தைப் பார்த்திருப்பீர்கள், அவர்தான். கண் பிடுங்கப்பட்ட கதை பல நூற்றாண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது. பெயரில் ஒளி இருக்கிறது, ஒளியென்றால் கண், ஆகவே கண்ணோய்க்கு இவர்தான் காவல் என்று மக்கள் மனது முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். பெயரே கதையைப் பெற்றெடுத்தது என்பது என் ஊகம். திருநாள் டிசம்பர் 13. பழைய ஜூலியன் நாட்காட்டியில் ஆண்டின் மிக நீண்ட இரவு இந்தத் தேதியை ஒட்டி வந்தது. இருட்டின் உச்சத்தில் ஒளியின் பெயர். கொழும்பு கொட்டாஞ்சேனைப் பேராலயமும் இவர் பெயரில் இருப்பதுதான்.

இப்போது ஒன்று இரண்டான கதை. லத்தீன் பேச்சு தேய்ந்து போர்த்துகீசியம் ஆனபோது, இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட வல்லொலிகள் மெலிந்தன. இது தமிழனுக்குப் புதிதில்லை. 'தம்பி'யின் முதல் 'த'வையும் 'அது'வின் 'து'வையும் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒரே இனம், ஆனால் நடுவில் வரும்போது ஒலி குழைகிறது. அங்கேயும் அப்படித்தான். லத்தீனின் 'விசினுஸ்' (பக்கத்து வீட்டுக்காரர்) 'விஸீன்யு' ஆனார், டிசம்பர் 'டெஸெம்ப்ரு' ஆனது. இந்த 'ஸ' நம் ஸரஸ்வதியின் ஸ இல்லை, தேனீ ரீங்காரம் போலத் தொண்டை அதிரச் சொல்வது. அதே கணக்கில் லூசியா லுஸீயா ஆனாள். அழுத்தமும் 'லூ'வை விட்டு 'ஸீ'க்கு நகர்ந்துவிட்டது.

இது வாய் வழி வந்த வடிவம். இன்னொன்று ஏட்டு வழி. படித்தவர்கள் லத்தீன் நூலைப் பார்த்து, எழுத்தும் அழுத்தமும் குலையாமல் லூசியாவை மறுபடி எடுத்துவந்தார்கள். நம்மிடம் கண்ணனும் கிருஷ்ணனும் இருப்பது போல. கண்ணன் பிராகிருதம் வழியாக மக்கள் வாயில் உருண்டு வந்தவன், கிருஷ்ணன் நேராகச் சமஸ்கிருத ஏட்டிலிருந்து இறங்கியவன். நம் இலக்கணம் இதற்குத் தற்பவம், தற்சமம் என்று பெயரே வைத்திருக்கிறது. என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரே மூல நிரலை இரண்டு பேர் வேறு வேறு காலத்தில் நகலெடுத்து, இரண்டையும் கடைசிவரை ஒன்று சேர்க்காமலே விட்டுவிட்ட கதை.

வழி வேறானால் மணமும் வேறாகும். கோயிலில் இருக்கும் புனிதை இன்றைக்கும் சாந்தா லுஸீயாதான். நாட்டுப்புறத்தின் வாசம் அந்த வடிவத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1903-ல் டொமிங்கோஸ் ஒலிம்பியோ எழுதிய பிரேசில் நாவல் 'லுஸீயா-ஓமெம்', அதாவது ஆண்-லுஸீயா. பஞ்ச காலத்தில் செயரா மாநிலத்துச் சொப்ரால் ஊரில் கட்டட வேலைக்குச் சுமை தூக்கும் பெண் அவள். உடல் வலுவைப் பார்த்து ஊர் அப்படிப் பட்டம் கட்டுகிறது. அது 1877–79 வறட்சி. நம் தாது வருடப் பஞ்சமும் (1876–78) அதுவும் ஒரே எல் நினோவின் இரண்டு முனைகள்.

அரசியலிலும் இந்தப் பெயர் நுழைந்தது. 1842-ல் மினாஸ் ஜெராய்ஸில் தாராளவாதிகள் கிளர்ச்சி செய்து, ஆகஸ்ட் 20 அன்று சாந்தா லுஸீயா என்ற ஊரில் தோற்றார்கள். அன்றிலிருந்து அந்தக் கட்சிக்காரர்களுக்கே 'லுஸீயாக்கள்' என்று கேலிப் பெயர். மீசை வைத்த ஆண்களுக்குப் பெண் பெயர்! இந்த ஊரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே இன்னொரு லுஸீயா வரப்போகிறாள்.

லூசியாக்களில் உலகப் பெயர் பெற்றவர் லூசியா தோஸ் சாந்தோஸ். 1907-ல் பிறந்தவர். 1917-ல் பாத்திமாவில் மாதா காட்சி கண்டதாகச் சொன்ன மூன்று சிறுவர்களில் மூத்தவர். மற்ற இருவரும் சில ஆண்டுகளிலேயே நோயில் இறந்துபோக, இவர் மட்டும் 2005 வரை 97 வயது வாழ்ந்தார். காட்சியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விஷயம். எனக்குப் பட்டது வேறு. ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைக்கே அப்போது ஏட்டு வடிவம்தான் பெயர் என்றால், லூசியா அதற்குள் கிராமம் வரை இறங்கிவிட்டது. முதலில் சேர்ந்த துறவற சபையில் அந்தப் பெயரும் போய் மரியா தாஸ் டோரெஸ் ஆனார். 1948-ல் கோயிம்ப்ராவின் கார்மெல் மடத்தில் சேர்ந்தபோதுதான் மரியா லூசியா என்று பழைய பெயர் திரும்ப வந்தது.

'லவ் ஆக்சுவலி' (2003) பார்த்தவர்களுக்கு எழுத்தாளர் வீட்டில் வேலை செய்யும் போர்த்துகீசியப் பெண் நினைவிருக்கலாம். நடித்தவர் லூசியா மொனீஸ். பிரேசிலின் ராணுவ ஆட்சியில் சிறையும் சித்திரவதையும் கண்டு, பிறகு அதையே படமாக எடுத்த இயக்குநர் லூசியா முரா. இவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சரி, நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன்.

1974–75-ல், அதே மினாஸ் ஜெராய்ஸில், லாபா வெர்மேல்யா என்ற சுண்ணாம்புக் குகையில், அனெட் லாமிங்-எம்ப்ரேர் தலைமையிலான பிரெஞ்சு-பிரேசில் குழு ஒரு பெண்ணின் மண்டையோட்டையும் எலும்புகளையும் எடுத்தது. இருபதைக் கொஞ்சம் தாண்டிய வயதில் இறந்தவள். வாழ்ந்தது இன்றைக்குச் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன். தென் அமெரிக்காவில் கிடைத்த மிகப் பழைய மனித எச்சங்களில் ஒன்று. எலும்புகள் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயின. பிற்பாடு அந்த மண்டையோட்டை ஆராய்ந்த வால்டர் நெவெஸ் என்ற பிரேசில் மானுடவியலாளர் அவளுக்கு லுஸீயா என்று பெயர் வைத்தார்.

ஏன் லுஸீயா? எத்தியோப்பியாவில் 1974 நவம்பரில் கிடைத்த, 32 லட்சம் ஆண்டுப் பழைய 'லூசி'யின் எதிரொலி. லூசிக்கு அந்தப் பெயர் வந்தது, கண்டுபிடித்த குழுவினர் முகாமில் போட்டுக் கேட்ட பீட்டில்ஸ் பாட்டிலிருந்து. பாட்டின் தலைப்பு, ஜான் லென்னனின் மகன் தன் பள்ளித் தோழி லூசியை வரைந்த படத்திலிருந்து. லூசி என்பது சிசிலி லூசியாவின் ஆங்கில வடிவம். சிரக்கூசாவில் தொடங்கி, ஒரு பள்ளிக்கூடப் படம், ஒரு பாட்டு, எத்தியோப்பியப் பாலை வழியாக பிரேசில் குகைக்கு வந்து சேர்ந்திருக்கிறது பெயர். எத்தியோப்பியர்கள் லூசியைத் தங்கள் அம்ஹாரிக் மொழியில் 'டின்கினேஷ்' என்றும் அழைக்கிறார்கள், 'நீ அற்புதமானவள்' என்று பொருள். நெவெஸும் ஏட்டு லூசியாவை எடுக்காமல் மக்கள் வாயில் தேய்ந்த வடிவத்தை எடுத்தார். அந்தத் தேர்வு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் பெயரோடு முகமும் வந்தது. மண்டையோட்டு அளவுகள் இன்றைய அமெரிக்கப் பழங்குடிகளைவிட ஆஸ்திரேலிய, ஆப்பிரிக்க மக்களுக்கு நெருக்கமாக இருப்பதாக நெவெஸ் கண்டார். அதனால், பழங்குடிகளின் முன்னோருக்கு முன்பே வேறொரு மக்கள் கூட்டம் கண்டத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்றார். 1999-ல் மான்செஸ்டரின் ரிச்சர்ட் நீவ் அந்த மண்டையோட்டுக்கு முகம் செய்தார், அகன்ற மூக்கு, தடித்த உதடு. பெயரும் முகமும் கிடைத்ததும் எலும்பு ஆளாகிவிட்டது. 'முதல் பிரேசில் பெண்' என்று பத்திரிகைகள் எழுதின. மண்டையோட்டிலிருந்து மூக்கின் நுனியையும் உதட்டின் தடிப்பையும் துல்லியமாகக் கணிக்க முடியாது. அந்த இடங்களைச் செய்பவரின் அனுமானம்தான் நிரப்புகிறது. பார்க்கிறவருக்கு எது அளவு, எது அனுமானம் என்று பிரித்துத் தெரியாது.

2018 செப்டம்பர் 2, ஞாயிறு இரவு. இருநூறாவது ஆண்டைக் கொண்டாடிய அதே வருடம் அருங்காட்சியகம் எரிந்தது. சுமார் 2 கோடிப் பொருட்கள் இருந்த இடம். தீயணைப்பு வீரர்கள் வந்தபோது அருகிலிருந்த குழாய்களில் தண்ணீர் இல்லை. ஏசி ஒன்றிலிருந்து தீ தொடங்கியது என்று பிறகு விசாரணை சொன்னது. லுஸீயா போய்விட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மண்டையோடு இரும்பு அலமாரியில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. சூட்டில் ஒட்டுப்பசை உருகித் துண்டு துண்டாகிவிட்டது, ஆனால் சாம்பலாகவில்லை. அக்டோபர் 19 அன்று அருங்காட்சியகம் அறிவித்தது: துண்டுகளில் 80 சதவீதம் வரை அடையாளம் கண்டாயிற்று.

அடுத்த மாதமே இன்னொரு திருப்பம். நவம்பரில் 'செல்', 'சயன்ஸ்' இதழ்களில் மரபணு ஆய்வுகள் வந்தன. சோதித்தது லுஸீயாவின் எலும்பை அல்ல. அவள் வட்டாரமான லகோவா சாந்தாவின் லாபா டோ சாந்து, சுமிதோரு குகைகளில் புதைந்திருந்த, சுமார் 10,000 ஆண்டுப் பழைய ஆட்களை. முடிவு: அவர்கள் இன்றைய அமெரிக்கப் பழங்குடிகளின் உறவினர்களே, தனி இனம் இல்லை. வட அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த 12,000 ஆண்டுக்கும் மேற்பட்ட பழைய குழந்தையோடும் உறவு தெரிந்தது. சுமிதோரு ஆள் ஒருவரிடம் ஆஸ்திரேலேசியச் சாயல் சிறிதளவு இருந்ததாக 'சயன்ஸ்' கட்டுரை சொன்னது, அது எங்கிருந்து வந்தது என்ற வாதம் தனி. 1999-ன் முகத்தைத் தாங்கிப் பிடிக்க அந்தச் சாயல் போதாது.

லாபா டோ சாந்துவின் மண்டையோடு ஒன்றுக்கு பிரிட்டனின் கரோலின் வில்கின்சன் புதிய முகம் செய்தார். இந்த முறை பழங்குடி முகவெட்டு. அந்த ஆளுக்குச் சொந்தமாகப் பெயர் கிடையாது. பெயர் இல்லாமலே அவரையும், அங்கே புதைந்த மற்றவர்களையும், 'லுஸீயாவின் மக்கள்' என்றுதான் பிரேசிலில் குறிப்பிடுகிறார்கள்.