பெரும்பாடும் ஒரு சிறிய கருவியும்



வேதத்தில் பெரும்பாடு என்று வாசிக்கிறோமே, அதே உபாதையினால் இரத்த சோகையோடு வரும் சகோதரிகளுக்கு மருத்துவர்கள் ஹார்மோன் லூப்பைச் சொல்கிறார்கள். உடனே அவர்கள் எங்களிடம் வந்து, "ஐயா, அது குடும்பக் கட்டுப்பாட்டுக்கல்லவா? எனக்கெதற்கு?" என்கிறார்கள்.

கேள்வி நியாயமானதே. பின்லாந்தில் டாக்டர் டாபானி லூக்கைனன் குழுவினர் உருவாக்கிய இக்கருவி, 1990இல் அங்கே கருத்தடைக்கென்றே வந்தது. இதிலுள்ள 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் மருந்து, தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் கசியும். அதனால் கர்ப்பப்பையின் உட்படலம் மெலிந்து, உதிரப்போக்கு வெகுவாகக் குறைகிறது. காப்பர்-டியோ போக்கைக் கூட்டக்கூடியது; இரண்டும் ஒன்றல்ல.

ஓராண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மாதவிடாய் நின்றேவிடும். "கெட்ட இரத்தம் உள்ளே தேங்காதா?" என்று அஞ்சுகிறார்கள். படலமே வளராதபோது தேங்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் சோதனையானவை. நாள் கணக்கின்றிச் சொட்டுச் சொட்டாய்ப் படும். முன்னமே சொல்லாவிட்டால், பயந்துபோய்க் கருவியை எடுத்துவிடச் சொல்வார்கள். சிலருக்குத் தலைவலி, முகப்பரு, மார்பு வலி, மனச்சோர்வு வரும். சுமார் இருபதில் ஒருவருக்குக் கருவி நழுவிவிடலாம். ஆயிரத்தில் ஒருவர் அளவில் கர்ப்பப்பையைத் துளைப்பதும் உண்டு. மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கு இதை வைப்பதில்லை.

பின்லாந்தில் 236 பெண்களிடம் நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2004இல் வெளிவந்தது. கருவி பெற்ற பிரிவில் 42 சதவீதத்தினருக்குக் கடைசியில் கர்ப்பப்பையை அகற்ற வேண்டியிருந்தது. மற்றவர்கள் அறுவைக்குத் தப்பினார்கள்.