கொல்லாமலும் விரட்டலாம்

லிட்டில் அந்தமான் தீவின் ஓங்கே பழங்குடியினர் தேனெடுக்கக் காட்டுக்குள் போகும்போது ஓர் இலையைத் தேடுகிறார்கள். 'டோஞ்சோகே' என்று அவர்கள் அழைக்கும், சீத்தா குடும்பத்தைச் சேர்ந்த செடி அது. இலையை மென்று சாற்றை உடம்பில் பூசிக்கொண்டு, கூட்டின் மீதும் துப்புகிறார்கள். மூர்க்கத்துக்குப் பேர்போன மலைத்தேனீக்கள் கொட்டாமல் விலகுகின்றன. இந்த வித்தையைப் பற்றி இந்திய ஆய்வாளர்கள் 1983-இல் எழுதினார்கள்.

அந்த இலை நமக்குக் கிடைக்காது. ஆனால் அதன் பாடம் கிடைக்கும்: கொட்டும் பூச்சியை ஒழிக்க வேண்டியதில்லை, ஒதுங்கச் செய்தால் போதும்.

பல குளவி இனங்களில் ஓரிரு பெண் குளவிகளே கூட்டைத் தொடங்குகின்றன. எனவே வாரம் ஒருமுறை கூரையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கூடு சிறிதாக இருக்கும்போதே சோப்பு நீரைத் தெளித்து, நீண்ட கோலால் தட்டிவிடலாம். சோப்பு நீர் பூச்சியின் சுவாசத் துளைகளை அடைத்துவிடும். மீன் கழிவையும் அழுகிய பழத்தையும் மூடி வையுங்கள். சுவர் இடுக்குகளைப் பூசிவிடுங்கள். தோட்டத்து மூலையில் உள்ள கூட்டை விட்டுவிடலாம். குளவிகள் புழுக்களைப் பிடித்துத் தின்னும்.

கதண்டுக் கூடு பெரிதாகிவிட்டால் தீப்பந்தமும் கல்லும் வேண்டாம். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். மலைத்தேனீக்களோ பருவம் மாறினால் தாமே இடம் பெயரும்.

தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே அகற்றி, குளிர்ந்த துணியை வையுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.