சுறா மீதான அச்சம்: முத்துக்குளிப்போர் கடந்த விதமும் அறிவியல் கூறும் உண்மையும்

கடலில் இறங்கும்போது நீருக்கடியில் சுறா இருக்குமோ என்ற அச்சம் பலருக்கும் எழுவதுண்டு. ஆனால், சுறாக்கள் உலவும் மன்னார் வளைகுடாவில் மனிதர்கள் பல நூற்றாண்டுகளாக மூச்சடக்கி மூழ்கி முத்துச் சிப்பிகளைச் சேகரித்துள்ளனர். அவர்கள் இந்த அச்சத்தை எவ்வாறு கடந்தனர்? சுறாவின் இயல்பு குறித்து அறிவியல் கூறுவது என்ன?

'கடல்கட்டி'களின் மந்திரம்

முத்துக்குளிப்புக் காலத்தில் மந்திரத்தால் சுறாக்களின் வாயைக் கட்டுபவர்கள் என நம்பப்பட்டோர் 'கடல்கட்டி' என அழைக்கப்பட்டனர். 13-ஆம் நூற்றாண்டில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, இப்பணிக்காகச் சேகரிப்பில் இருபதில் ஒரு பங்கு அளிக்கப்பட்டதாகக் குறிப்பிட்டுள்ளார். மந்திரம் பகலில் மட்டுமே செயல்படும் என்றும், இரவில் அது விலக்கப்படும் என்றும் அவர் எழுதியுள்ளார்.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் இவ்வழக்கம் நீடித்தது. கடல்கட்டி இன்றிக் குளிப்போர் கடலில் இறங்க மறுத்ததால், இலங்கையில் அரசே அவர்களுக்கு ஊதியம் வழங்கியது. அங்கு உயர் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், 1859-இல் வெளியிட்ட நூலில் சுறாவால் விபத்து நேர்வது மிக அரிது எனப் பதிவு செய்துள்ளார்.

மந்திரம் சுறாவைக் கட்டியதற்குச் சான்று இல்லை. எனினும், குளிப்போரின் பதற்றத்தை அது தணித்தது. அன்று நம்பிக்கை அளித்த அந்தத் துணிவை இன்று அறிவியல் அளிக்கிறது.

சுறா ஏன் கடிக்கிறது?

உலகில் 500-க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உள்ளன. உயிரிழப்பை ஏற்படுத்திய தாக்குதல்களில் பெரும்பாலானவை வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா ஆகிய மூன்று இனங்களுடன் தொடர்புடையவை. மனிதரின் தூண்டுதல் இன்றி நிகழ்ந்த சுறாக்கடிகள் 2023-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 69 மட்டுமே என்றும், அவற்றில் 10 பேர் உயிரிழந்ததாகவும் அமெரிக்காவின் புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பதிவேடு தெரிவிக்கிறது.

மனிதர் சுறாவின் வழக்கமான இரை அல்லர். மோப்பத்தாலும், நீரின் அதிர்வாலும், மூக்குப் பகுதியில் உள்ள நுண்துளைகள் வழியாக உணரும் மெல்லிய மின்புலத்தாலும் அது இரையைக் கண்டறிகிறது. கலங்கிய நீரில் கைகால்களின் அசைவை மீன் எனத் தவறாகக் கருதக்கூடும். கைகள் இல்லாததால், அறியாத பொருளை வாயால் சோதிப்பதும் உண்டு. எனவே, ஒருமுறை கடித்துவிட்டு விலகிச் செல்லும் நிகழ்வுகள் பல பதிவாகியுள்ளன.

திரைப்படம் விதைத்த அச்சம்

1975-இல் வெளியான 'ஜாஸ்' திரைப்படம், சுறாவை மனிதரைத் தேடி வேட்டையாடும் கொடிய உயிரினமாக மக்கள் மனத்தில் பதித்தது. அதன் மூல நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி, பின்னாளில் அதற்காக வருந்திக் கடல் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டார்.

கடலில் இருந்து வெகுதொலைவில் உள்ள சித்தூர் மாவட்டத்தின் குடுபல்லி போன்ற ஊர்களில் வாழ்வோர், சுறாவைத் திரையில் மட்டுமே கண்டிருக்க வாய்ப்பு அதிகம். அதேவேளையில், குப்பம் வட்டாரக் காடுகளில் காட்டு யானைகள் உலவுகின்றன. யானையின் வழியையும் நேரத்தையும் அறிந்து விலகி நடப்பதே அங்கு பாதுகாப்பு. சுறாவுக்கும் இதே அணுகுமுறை பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை

* அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் கடலில் நீந்துவதைத் தவிர்க்க வேண்டும்.
* கலங்கிய நீர், ஆற்று முகத்துவாரம், மீன்பிடிப் படகுகளின் அருகாமை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.
* மின்னும் நகைகளை அணிந்தோ, இரத்தக் காயத்துடனோ இறங்கக் கூடாது.
* தனியே நீந்தாமல் குழுவாக நீந்த வேண்டும்.
* சுறாவைக் கண்டால் நீரை அடித்துப் பதறாமல், அதன் மீது பார்வையை வைத்தபடி மெல்லப் பின்வாங்க வேண்டும்.
* தாக்கினால் அதன் மூக்கு, கண், செவுள் ஆகியவற்றில் பலமாகத் தாக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து எது?

இந்தியாவில் ஆறு, குளம், கிணறு, கடல் என நீர்நிலைகளில் மூழ்கி ஆண்டுதோறும் 30,000-க்கும் அதிகமானோர் உயிரிழப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவுகள் காட்டுகின்றன. சென்னை மெரினா போன்ற கடற்கரைகளுக்குச் செல்வோர் சுறாவைவிட, கரையில் இருந்து உள்ளிழுக்கும் நீரோட்டத்துக்கே அதிகம் அஞ்ச வேண்டும்.

மறுபுறம், மனிதரால் சுறாக்களுக்கு நேரும் இழப்பு மிகப் பெரியது. 1970-ஆம் ஆண்டு முதல் திறந்த பெருங்கடலில் வாழும் சுறாக்கள் மற்றும் திருக்கை மீன்களின் எண்ணிக்கை 71 சதவீதம் குறைந்துள்ளதாக 2021-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு தெரிவித்தது. மிதமிஞ்சிய மீன்பிடிப்பே இதற்கு முதன்மைக் காரணம். இந்தியாவில் திமிங்கலச் சுறாவுக்கு 2001 முதல் சட்டப் பாதுகாப்பு உள்ளது. சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கு 2015-இல் தடை விதிக்கப்பட்டது.

அச்சத்துக்குரிய உயிரினத்தைக் காக்க மக்கள் முன்வருவது கடினம். ஆகவே, சுறாவின் இயல்பை அறிவது கடலில் இறங்குவோருக்கு மட்டுமின்றி, சுறாக்களின் எதிர்காலத்துக்கும் அவசியமாகிறது.