பொட்டிப்புரமும் பள்ளி ஆய்வகமும்

தேனி மாவட்டம் போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் அருகே அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்திற்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தும், மக்களின் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் அத்திட்டம் முடங்கியே கிடக்கிறது. ஆயினும் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பாலான அதன் உணர்கருவிக்குள் மியூவான் என்னும் நுண்துகள் எவ்வாறு வளைந்து செல்லும் என்பதை இயற்பியலாளர்கள் கணினியில் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டனர். இயற்கை விதிகளைச் சமன்பாடுகளாகக் கணினிக்குள் இட்டு, ஒரு நிகழ்வைத் திரையில் நடத்திப் பார்க்கும் இம்முறையே பாவனைச் சோதனை எனப்படுகிறது.

இதே முறை பள்ளிக்கும் வந்துள்ளது. நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'பெட்' பாவனைகள் பல தமிழிலேயே கிடைக்கின்றன. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான செய்முறைகளை 'ஓலேப்ஸ்' என்ற பெயரில் அமிர்தா பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் உருவாக்கியுள்ளன. தமிழ்நாட்டின் புதிய அறிவியல் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்று வரும் பக்கங்கள் மாணவரை இத்தகைய தளங்களுக்கே அனுப்புகின்றன.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவதில்தான் பாவனையின் வலிமை இருக்கிறது. தேனி மாவட்டக் கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் வழியாகச் செல்லும் எவரும் பெரியாற்று நீரை மின்நிலையத்திற்கு இறக்கும் ராட்சதக் குழாய்களைப் பார்க்கலாம். ஆனால் உயரத்தால் நீரில் அடங்கியிருக்கும் நிலையாற்றல் குறையக் குறைய, அழுத்தத்தால் வரும் ஆற்றல் கூடுவதைக் குழாயின் வெளியே நின்று காண முடியாது, திரையிலோ இரண்டும் ஏறி இறங்கும் பட்டைகளாகத் தெரிகின்றன.

பாவனையின் குறை தனி ஊசலில் வெளிப்படும். ஒரு மீட்டர் நூலில் கட்டிய குண்டு ஒருமுறை ஆடித் திரும்ப ஏறத்தாழ 2 வினாடி ஆகிறது. நிறுத்து கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 வினாடி பிந்தினாலே 10 விழுக்காடு பிழை நேர்ந்து, அதைக் கொண்டு கணக்கிடும் புவியீர்ப்பு முடுக்கத்தில் அப்பிழை சுமார் இருமடங்காகிவிடும். இருபது அலைவுகளுக்கு நேரம் எடுத்து இருபதால் வகுத்தால், அதே பிந்தல் ஓர் அலைவுக்கு 0.01 வினாடியாகச் சுருங்குகிறது. ஆசிரியர் இருபது அலைவுகளை எண்ணச் சொல்வதன் காரணம் இதுவே. உராய்வைச் சுழியாக்கிய திரை ஊசலோ ஓயாமல் ஆடும். நிலவின் ஈர்ப்பைத் தேர்ந்தெடுத்தால் அதே நூலுக்கு ஏறத்தாழ 5 வினாடி என்றும் காட்டும், எந்த வகுப்பறையிலும் செய்ய இயலாத சோதனை அது. ஆனால் அளப்பவரின் விரல் பிந்துவதையும் நூல் நழுவுவதையும் அது கற்பிக்காது. பிழையைச் சந்திக்காமல் அறிவியல் பயின்றதாகச் சொல்லிக்கொள்வதும் பொருந்தாது.

நியூட்ரினோ திட்ட விஞ்ஞானிகள் பாவனையின் இக்குறையை அறிந்தவர்கள். மதுரையில் 85 டன் எடையுள்ள சிறு உணர்கருவி ஒன்றை நிறுவி, வானிலிருந்து விழும் உண்மையான மியூவான்களை அளந்து, அவற்றைத் தம் பாவனைக் கணக்கோடு ஒப்பிட்டு வருகின்றனர்.

கம்பம் பள்ளத்தாக்கின் அரசுப் பள்ளிகளிலும் அவ்வாறே நடக்கட்டும்: மாணவர் திரையில் விடையைக் கணித்துக்கொண்டு, நூலும் கல்லும் கொண்டு தாமே அளந்து, இரண்டு எண்களும் ஏன் வேறுபட்டன என்பதைச் செய்முறை ஏட்டில் எழுதட்டும். மதிப்பெண்ணை அந்தக் காரணத்திற்கே ஆசிரியர்கள் வழங்க வேண்டும்.