வியட்நாம் போருக்குத் தென்கொரியா ஏன் போனது?

வியட்நாமில் அமெரிக்காவுக்கு அடுத்து அதிக வீரர்களை இறக்கிய வெளிநாடு எது தெரியுமா? தென்கொரியா. 1964 முதல் 1973 வரை 3 லட்சத்துக்கும் அதிகமானோர் போனார்கள். சுமார் 5,000 பேர் உயிரோடு திரும்பவில்லை.

வியட்நாமோடு எல்லைத் தகராறு கிடையாது, பழைய பகையும் இல்லை. அப்புறம் ஏன்?

கம்யூனிச எதிர்ப்பு என்பது மேடையில் சொன்ன காரணம். அது பொய்யும் இல்லை. கொரியப் போர் ஓய்ந்ததே 1953-ல்தான். ஆனால் அதிபர் பார்க் சுங் ஹீயின் கவலை வேறு. தென்கொரியாவில் இருக்கும் அமெரிக்கப் படையை வியட்நாமுக்கு மாற்றிவிட்டால், வடகொரியாவை யார் தடுப்பது? 'நாங்க ஆள் அனுப்புறோம், நீங்க இங்கேயே இருங்க' என்பதுதான் கணக்கு.

கூடவே காசு. கூடுதல் படையின் செலவு, நவீன ஆயுதம், கடனுதவி, போர்க்களத்துக்கான கொள்முதல் என்று 1966-ல் 'பிரவுன் குறிப்பாணை' மூலம் அமெரிக்கா எழுதியே கொடுத்தது. இன்றைய ஹன்ஜின் குழுமம் பெரிதாக வளர்ந்தது, வியட்நாமில் ராணுவச் சரக்கு ஏற்றி இறக்கித்தான்.

சாதாரண சிப்பாய்க்கு? உள்ளூர்ச் சம்பளத்தைவிடப் பல மடங்கு படி, அதுவும் டாலரில். பெரும்பகுதி வீட்டுக்குப் போனது. ஏழைக் கிராமத்துப் பையன்கள் கையெழுத்துப் போட்டதில் ஆச்சரியமில்லை.

விலை கொடுத்தவர்கள் வியட்நாமியர்களும்தான். 1968 பிப்ரவரியில் ஃபோங் நி கிராமப் பகுதியில் 70-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். உயிர்தப்பிய பெண்ணுக்குத் தென்கொரிய அரசு இழப்பீடு தர வேண்டும் என்று 2023-ல் சியோல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.