மூலக்கூறு மோதுவது எதனோடு?

ஒரு மீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் அம்மோனியாக் கரைசலில் நனைத்த பஞ்சு, மறுமுனையில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த பஞ்சு. சில நிமிடங்களில் குழாயினுள் வெண்ணிற வளையம் தோன்றும். மூலக்கூறு நிறைகள் 17, 36.5 என்பதால், கிரஹாம் விதிப்படி இரு வாயுக்களும் கடந்த தொலைவுகளின் விகிதம் 1.46 என்று கணக்கிட்டுக் காட்டுகிறோம். அளந்து பார்த்தால் பொதுவாக அதைவிடக் குறைவாகவே வருகிறது. மாணவர்களோ, செய்முறை ஏட்டில் 1.46 வருமாறு அளவைத் திருத்திவிடுகிறார்கள். நல்லதொரு பாடம் அங்கே அழிந்துபோகிறது.

அறை வெப்பநிலையில் அம்மோனியா மூலக்கூறின் வேகம் வினாடிக்குச் சுமார் 660 மீட்டர். தடையில்லாமல் சென்றால் கண் இமைப்பதற்குள் குழாயைக் கடந்துவிடும். நிமிடக்கணக்கில் தாமதமாவது ஏன்? குழாயில் நிறைந்துள்ள காற்று மூலக்கூறுகளோடு மோதி மோதித் திசை மாறுவதால்தான். இரு மோதல்களுக்கு இடையே காற்று மூலக்கூறு கடக்கும் சராசரித் தூரம் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 70 நானோமீட்டர். இதுவே சராசரி மோதலிடைத் தூரம். கிரஹாம் விதியின் எளிய வடிவம் காற்றோடு நிகழும் இந்த மோதல்களைக் கணக்கில் கொள்வதில்லை. விகிதம் குறைவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

அகலக் குழாயும் குறுகிய குழாயும்

குழாயின் விட்டம் மோதலிடைத் தூரத்தைவிட மிகப் பெரிதானால், மூலக்கூறுகள் பெரும்பாலும் தமக்குள் மோதிக்கொள்ளும். அழுத்தத்தைப் பாதியாக்கினால் மோதலிடைத் தூரம் இரு மடங்காகும்; விரவல் குணகமும் இரு மடங்காகும்.

விட்டம் மோதலிடைத் தூரத்தைவிட மிகச் சிறிதானால், மூலக்கூறு அடுத்த மூலக்கூறைச் சந்திக்கும் முன்பே சுவரில் மோதிவிடும். அப்போது விரவல் குணகம் அழுத்தத்தைச் சார்ந்திராது. குழாயின் விட்டமும் மூலக்கூறின் வேகமுமே அதைத் தீர்மானிக்கும். டென்மார்க்கின் மார்ட்டின் நுட்சன் 1909-இல் குறுகிய குழாய்களில் வாயு ஓட்டத்தை ஆராய்ந்தார். இவ்வகை விரவல் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது.

குழாயைக் குறுக்காமல் அழுத்தத்தைக் குறைத்தாலும் இதே நிலை வரும். வளிமண்டல அழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், மோதலிடைத் தூரம் சுமார் 7 மில்லிமீட்டர். அப்போது ஒரு மில்லிமீட்டர் குழாய்கூடக் குறுகிய குழாய்தான்.

கரிசல் நிலத்தில்

கோவில்பட்டிப் பகுதியில் பாடம் நடத்தும் எனக்கு இதை விளக்க நிலமே துணை. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசலில், விரல் நுழையும் வெடிப்பு ஒரு வாயு மூலக்கூறுக்கு அகன்ற நெடுஞ்சாலை. களித்துகள்களுக்கு இடையே 70 நானோமீட்டரைவிடச் சிறிய துளைகளும் உண்டு. அவை உலர்ந்திருந்தால் அங்கே மோதல் சுவரோடுதான்.

ஐப்பசி மழையில் களி ஊதி வெடிப்புகள் மூடுகின்றன. துளைகளில் நீர் நிரம்புகிறது. ஆக்சிஜன் காற்றில் விரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாக விரவும். நீர் தேங்கிய வயலில் உளுந்தும் பருத்தியும் மஞ்சளிக்க வேர்கள் மூச்சுத் திணறுவது முக்கியக் காரணம். வடிகால் வெட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது உடனே புரிகிறது. 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு, முன் அனுமதி பெற்று மாணவர்களை அழைத்துச் செல்லலாம்.

வகுப்பில் செய்ய

மைதானத்தில் 20 மாணவர்களை அங்குமிங்கும் நடக்கவிட்டு, ஒருவரை நேராகக் கடக்கச் சொல்லுங்கள். யார் மீதாவது பட்டால் அவர் திசை மாற வேண்டும். பிறகு 10 பேரை மட்டும் வைத்துச் செய்யுங்கள். இது அழுத்தக் குறைப்பு. அடுத்து, இரு பெஞ்சு வரிசைகளுக்கு இடையே ஒரு சிலரை மட்டும் நடக்கவிடுங்கள். இப்போது அவர்கள் இடிப்பது பெஞ்சில்தான்.

கண்ணாடிக் குழாய்ச் சோதனையில் அமிலத்தை ஆசிரியரே கையாளட்டும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மாணவர் 1.3 என்று அளந்தால், 1.3 என்றே எழுதட்டும். ஏன் குறைந்தது என்று கேட்டு, அந்த விடைக்கு மதிப்பெண் கொடுங்கள்.